தொழிலாளி பணத்துக்குத் தர்மகர்த்தா யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவன்)

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், இரவுச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது என் தந்தையார் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "பி.எப். பணம் எம்புட்டு இருக்குன்னு பாருப்பா" என்றார். அவர் 1999ஆம் ஆண்டு முதல் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்பவர். அந்தக் கணக்கேடு ஆங்கிலத்தில் வருவது. அதைப் படித்துச் சொல்ல எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் உண்டு. தொகையைச் சொன்னேன், வட்டி எட்டேகால் சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் சேந்த வருசம் பன்னெண்டு குடுத்தாங்க. அதைக் கொறச்சது யாரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் கூட்டு வட்டிக்குச் சூத்திரம் படித்தவன் நான். அந்தச் சூத்திரத்துக்குள் போடும் வட்டி வீதத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டதில்லை. மறுநாள் ஆலைச் சங்கத்தின் செயலாளரைப் பார்த்துக் கேட்டேன். "டெல்லியில ஒரு போர்டு இருக்கு தம்பி. அதுல நம்ம ஆளுகளும் இருக்காங்க" என்றார். யார் யார் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த 'நம்ம ஆளுகளை'த் தேடிக்கொண்டு போனதன் பயன்தான் இக்கட்டுரை. ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும்.

முதலில் இந்தப் பணம் எது என்று பார்ப்போம். சுதந்திர இந்தியாவில் தொழிலாளருக்கான வருங்கால வைப்பு நிதி 1951 நவம்பரில் ஓர் அவசரச் சட்டமாக வந்து, 1952இல் முழுச் சட்டமாயிற்று. தொடக்கத்தில் ஆறு தொழில்களுக்கு மட்டுமே அது உரியது: சிமெண்டு, சிகரெட்டு, பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், நெசவு. ஆகவே பஞ்சாலைத் தொழிலாளி இந்த நிதிக்கு முதல் நாளிலிருந்தே சொந்தக்காரன். அப்போது பிடித்தம் ரூபாய்க்கு ஓரணா, அதாவது ஆறேகால் சதவீதம். இப்போது பன்னிரண்டு சதவீதம். தொழிலாளி பன்னிரண்டு போட்டால் முதலாளியும் பன்னிரண்டு போட வேண்டும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. முதலாளி போடும் பன்னிரண்டும் தொழிலாளியின் கணக்கில் சேர்வதில்லை. அதில் 8.33 சதவீதம் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மிச்சம் 3.67தான் கணக்கில் சேரும். மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குத் தருகிறது. வைப்பு நிதி என்பது அவரவர் பெயரில் உள்ள உண்டியல். ஓய்வூதிய நிதியோ ஊர்ப் பொதுக் குளம். அதில் 'என் தண்ணீர் இது' என்று யாரும் கோடு கிழிக்க முடியாது. ஓய்வு பெறும்போது ஒரு சூத்திரப்படி மொண்டு தருவார்கள். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 2014 செப்டம்பரில் வைத்த சம்பள வரம்பு 15,000 ரூபாய். அந்த வரம்பில் ஒருவர் 35 ஆண்டு வேலை செய்தால் 15,000 பெருக்கல் 35 வகுத்தல் 70. மாதம் 7,500 ரூபாய் கிடைக்கும். 2014க்கு முன் செய்த வேலைக்குப் பழைய வரம்பான 6,500தான் கணக்கு. என் தந்தையாருக்குப் போட்டுப் பார்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம் வருகிறது. மாத வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போய்விடும்.

இவ்வாறு சேர்ந்த தொகை இன்று 20 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பூட்டி வைத்தால் பணம் வளராது. எங்கேயோ முதலீடு செய்தாக வேண்டும். வருமானம் வந்தால்தான் வட்டி போட முடியும். அப்படியானால் எங்கே போடுவது, எவ்வளவு வட்டி தருவது என்று யார் முடிவு செய்வது? கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா இருப்பதைப் போல இந்த நிதிக்கும் ஒரு மத்திய அறங்காவலர் குழு இருக்கிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஏ பிரிவு அதன் அமைப்பை வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே அமைப்பை வைத்துக்கொண்டிருக்கிறது. தலைவர், துணைத் தலைவர், மத்திய அரசின் அதிகாரிகள் ஐவர் வரை, மாநில அரசுகளின் பிரதிநிதிகள் பதினைவர் வரை, முதலாளிகள் தரப்பில் பத்துப் பேர், தொழிலாளர் தரப்பில் பத்துப் பேர், இவர்களோடு வைப்பு நிதி ஆணையர். கூட்டினால் 43. மத்தியத் தொழிலாளர் அமைச்சர் தலைமை வகிக்கிறார்.

செயலாளர் சொன்ன 'நம்ம ஆளுகள்' அந்தப் பத்துப் பேர். அகில இந்தியத் தொழிற்சங்கங்களோடு கலந்துகொண்டு மத்திய அரசு அவர்களை நியமிக்கிறது. நியமனம்தான், தேர்தல் அன்று. பி.எப். சந்தாதாரர் எவரும் யாருக்கும் ஓட்டுப் போடுவதில்லை. என் தந்தையாருக்கு அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பெயர்கூடத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

43இல் 10 என்றால் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. கை தூக்கி வாக்கெடுத்தால் தொழிலாளர் தரப்பு ஒரு நாளும் வெல்ல முடியாது. அதிலும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குழு கூடி ஒரு வட்டி வீதத்தைச் சொன்னாலும் அது முடிவாகிவிடாது. வட்டியைக் குழுவோடு கலந்து மத்திய அரசு நிர்ணயிக்கும் என்றுதான் 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின் 60ஆம் பத்தி சொல்கிறது. வழக்கத்தில் நிதி அமைச்சகம் ஒப்புதல் தர வேண்டும். முதலீடும் அப்படியே. எந்த வகைப் பத்திரத்தில் எத்தனை சதவீதம் போடலாம் என்ற வாய்ப்பாட்டை அரசு அறிவிக்கும். குழு அந்த வாய்ப்பாட்டுக்குள் நின்று போட வேண்டும். சமையலுக்கு என்னென்ன சாமான் வாங்கலாம் என்பதை ஒருவர் முடிவு செய்து, உப்புப் பார்க்க மட்டும் இன்னொருவரைக் கூப்பிடுவது போன்றது இது.

அப்படியானால் அந்தப் பத்து நாற்காலியால் பயன் இல்லையா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2016இல் நடந்ததைப் படித்தபின் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

2016 பிப்ரவரியில் அறங்காவலர் குழு சென்னையில் கூடி, 2015-16ஆம் ஆண்டுக்கு 8.8 சதவீத வட்டி என்று முடிவு செய்தது. நிதி அமைச்சகம் ஏப்ரலில் அதை 8.7 ஆகக் குறைத்து ஒப்புதல் கொடுத்தது. வித்தியாசம் பத்தில் ஒரு சதவீதம். தனி மனிதருக்கு இது ஒரு இலட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 100 ரூபாய். நிதிக்கோ ஒவ்வொரு இலட்சம் கோடிக்கும் 100 கோடி ரூபாய். ஆனால் சங்கங்கள் எழுப்பிய கேள்வி தொகையைப் பற்றியது மட்டும் அன்று. வருமானம் போதும் என்று கணக்குப் பார்த்துத்தானே குழு சொன்னது, அரசு கருவூலத்திலிருந்து ஒரு காசும் கேட்கவில்லையே, பின் குறைப்பதற்கு நிதி அமைச்சகம் யார் என்பதே கேள்வி. எப்போதும் எதிரெதிராக நிற்கும் சங்கங்கள் இதில் ஒரே பக்கம் நின்றன. ஆளுங்கட்சிக்கு நெருக்கமான பாரதிய மஸ்தூர் சங்கமும் சேர்ந்து எதிர்த்தது. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் அரசு இறங்கி வந்து 8.8ஐயே கொடுத்தது. அந்த எண்ணைச் சொன்ன குழுவில் சங்கங்கள் உட்கார்ந்திருந்ததால்தான், 'எங்கள் முடிவை மாற்றினாய்' என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. வெளியிலிருந்து கேட்டிருந்தால் அது வெறும் கோரிக்கையாகப் போயிருக்கும்.

அதே ஏப்ரலில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று அந்தப் பிப்ரவரியில் ஒரு விதி அறிவிக்கப்பட்டிருந்தது. பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் ஏப்ரல் 18, 19 ஆகிய இரு நாட்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்துவிட்டனர். அவர்கள் பெரும்பாலும் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்கள். சங்கம் அழைத்து நடந்த மறியல் அன்று அது. மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் அந்தப் பணத்தைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள். இரண்டாம் நாளே விதி திரும்பப் பெறப்பட்டது. நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களுக்கும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அந்த இரு நாட்களில் தெரிந்தது. சங்கத் தலைவர்களில் சிலருக்கும் அது பாடமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இனித் தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். 1989-90 முதல் 1999-2000 வரை பதினோரு ஆண்டுகள் வட்டி 12 சதவீதமாக இருந்தது. பிறகு இறங்கி 9.5க்கு வந்தது, 2005-06இல் 8.5 ஆயிற்று. 2021-22இல் 8.1க்கு விழுந்தபோது, 1977-78இல் 8 சதவீதம் கொடுத்ததற்குப் பின் அதுவே மிகக் குறைந்தது என்றார்கள். 2023-24இலும் 2024-25இலும் 8.25. குறைத்தது யார் என்றால், பெரும்பாலும் நாட்டில் பொதுவாக வட்டி இறங்கியதே காரணம். நிதியின் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களிலும் பொதுத்துறைப் பத்திரங்களிலும் இருக்கிறது. அவை 12 சதவீதம் ஈட்டியபோது 12 கொடுத்தார்கள், ஈட்டுவது குறைந்ததும் கொடுப்பது குறைந்தது. ஒரு குறிப்பிட்ட அமைச்சரையோ அதிகாரியையோ சுட்டி இவர்தாம் என்று சொல்ல வழியில்லை. ஆனால் விளைவு சிறியதன்று. ஒரு இலட்சம் ரூபாய் இருபது ஆண்டுகள் 12 சதவீதத்தில் கிடந்தால் ஏறத்தாழ 9 இலட்சத்து 65 ஆயிரம் ஆகும். 8.25 சதவீதத்தில் 4 இலட்சத்து 88 ஆயிரம்தான். பாதி! (விலைவாசி ஏற்றமும் அப்போது அதிகம் என்பதை என் பேராசிரியர் ஒருவர் நினைவுபடுத்தினார், அதுவும் நியாயமே.)

சங்கங்கள் எப்போதும் 'கூடுதல் வட்டி கொடு' என்றே கேட்கின்றன. அது அவற்றின் இயல்பு. சில சமயம் அந்தக் கேட்பே ஆராயத்தக்கதாகிறது. 2010இல் வட்டிக் கணக்கில் 1,731 கோடி ரூபாய் உபரி இருப்பதாகத் தெரிய வந்தது. உடனே 2010-11க்கு 9.5 சதவீதம் என்று குழு முடிவு செய்தது. நிதி அமைச்சகம் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே வட்டி 8.25க்கு இறங்கியது. உபரி தொழிலாளியின் பணம்தானே, அவனுக்குக் கொடுப்பதில் தவறில்லை எனலாம். ஒரே ஆண்டில் கொடுத்துத் தீர்க்காமல் நாலைந்து ஆண்டுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஏற்ற இறக்கம் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். விதை நெல்லில் கொஞ்சம் கோட்டையில் இருக்க வேண்டும்.

பெரிய சண்டை பங்குச் சந்தையைப் பற்றியது. 2015 ஆகஸ்டில் முதன்முறையாகப் புதிதாகச் சேரும் பணத்தில் ஐந்து சதவீதத்தைப் பங்குகளில் போடத் தொடங்கினார்கள். 2016இல் அது பத்தாயிற்று, 2017இல் பதினைந்து. தனித்தனிக் கம்பெனிப் பங்கை வாங்குவதில்லை. நிப்டி, சென்செக்ஸ் குறியீடுகளைப் பின்பற்றும் நிதிகளில் போடுகிறார்கள். சங்கங்கள் இதை முதலிலிருந்தே எதிர்த்தன. 'வியர்வைப் பணத்தைச் சூதாட்டத்தில் வைக்காதே' என்பது அவர்கள் முழக்கம். எதிர்ப்பை மீறி அது நடந்தது. ஐந்து ஆண்டு கழித்து ஒரு வேடிக்கை. 2019-20ஆம் ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டி கொடுக்க வேண்டும். கடன் பத்திர வருமானம் 8.15க்குத்தான் வந்தது. மிச்சம் 0.35ஐக் குறியீட்டு நிதிகளை விற்றுக் கொடுப்பதென்று 2020 செப்டம்பரில் குழு முடிவு செய்தது. எந்தப் பங்குச் சந்தையைச் சங்கங்கள் எதிர்த்தனவோ, அதுவே அந்த ஆண்டு தொழிலாளியின் வட்டியை நிரப்பிற்று.

அதனால் சங்கங்கள் சொன்னது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதே 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தில் சந்தை சரிந்தபோது, விற்க நினைத்ததை விற்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஓய்வு பெறுகிற தொழிலாளி சந்தை ஏறும் வரை காத்திருக்க முடியுமா? நிதி காத்திருக்கலாம், ஆள் காத்திருக்க முடியாது. தேவைப்படும்போது விற்க வேண்டாதபடி வேறு கையிருப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைச் சங்கப் பிரதிநிதி கூட்டத்துக்குக் கூட்டம் கேட்க வேண்டும். 'பங்கு வேண்டாம்' என்ற முழக்கத்தைவிட இந்தக் கேள்வி கடினமானது. கேட்பதற்குக் கணக்குத் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தப் பொருளைப் பற்றி எதைப் படித்தாலும் அது எதிரில் வந்து நிற்கிறது.

பிரிட்டனில் நிலக்கரித் தொழில் அரசுடைமையாக இருந்தது. சுரங்கத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதிக்குப் பத்து அறங்காவலர்கள்; ஐவர் நிலக்கரி வாரியம் நியமித்தவர், ஐவர் சுரங்கத் தொழிலாளர் சங்கம் நியமித்தவர். சரிபாதி! நம் 43இல் 10ஐப் பார்த்தவர்களுக்கு இது கனவு போலத் தோன்றும். சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் அந்த ஐவரில் ஒருவர். 1982இல் ஒரு முதலீட்டுத் திட்டம் வந்தபோது சங்கத் தரப்பினர் ஒப்புதல் தர மறுத்தனர். வெளிநாட்டில் முதலீட்டைப் பெருக்கக் கூடாது, இருப்பதையும் உரிய காலத்தில் திரும்ப எடுக்க வேண்டும், நிலக்கரிக்குப் போட்டியான எரிபொருள் தொழில்களில் பணம் போடக் கூடாது என்றனர். அவர்கள் வாதம் எளிமையானது. எண்ணெய்க் கம்பெனி வளர்ந்தால் சுரங்கம் மூடப்படும். சுரங்கத் தொழிலாளி தன் சம்பளத்தில் பிடித்த காசை அவனுக்கே குழி தோண்டக் கொடுக்கலாமா?

வாரியம் நியமித்த ஐவரும் வழக்குத் தொடுத்தார்கள். ஸ்கார்கில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தாமே நின்று வாதாடினார். 1984இல் நீதிபதி சர் இராபர்ட் மெகாரி தீர்ப்புச் சொன்னார். அறங்காவலர் தம் சொந்தக் கொள்கையை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். பயனாளிகளின் நலனையே பார்க்க வேண்டும். ஓய்வூதிய நிதியில் நலன் என்றால் வழக்கமாகப் பண நலன்தான் என்பது தீர்ப்பின் சாரம். அதில் என்னை உறுத்திய ஒரு பகுதி உண்டு. நிதியின் பயனாளிகளில் பெரும்பாலோர் வேலையில் இருப்பவர் அல்லர். ஓய்வு பெற்றவர்களும் விதவைகளும். நிலக்கரித் தொழில் செழித்தால் அவர்களுக்கு என்ன வந்தது? மாதப் பணம் ஒழுங்காக வந்தால் போதும். சங்கம் வேலையில் இருப்பவனின் கண்ணால் பார்க்கிறது. நிதியோ நேற்று வேலை செய்தவனையும் நாளை ஓய்வு பெறுபவனையும் சேர்த்துத் தாங்க வேண்டியது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியென்றே எனக்குப் படுகிறது. மனம் மட்டும் ஸ்கார்கில் பக்கம் போய்விட்டுத்தான் திரும்புகிறது. தீர்ப்பு வந்த அதே 1984இல் சுரங்கத் தொழிலாளரின் ஓராண்டு வேலைநிறுத்தம் தொடங்கிற்று, அவர்கள் தோற்றார்கள், சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கதை அதோடு முடியவில்லை. 1994இல் தொழில் தனியார்மயமானபோது ஓய்வூதியத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. பதிலுக்கு நிதியில் உபரி வந்தால் பாதி அரசுக்கு என்று ஏற்பாடு. நிதி நன்றாக வளர்ந்தது. அரசுக்கு நூற்றுக்கணக்கான கோடி பவுண்டு போய்ச் சேர்ந்தது. கிழவர்களும் விதவைகளும் பல ஆண்டு முறையிட்டனர். 2024 அக்டோபர் வரவு செலவுத் திட்டத்தில்தான், ஒதுக்கி வைத்திருந்த 150 கோடி பவுண்டு சேமிப்பை அவர்களுக்கே தருவதாக அரசு அறிவித்தது. பயனாளியின் பண நலன் ஒன்றே பெரிது என்று நீதிமன்றம் சொல்லி நாற்பது ஆண்டு ஆகியிருந்தது.

சங்கத்தின் கையில் முழுப் பிடியும் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஜான் எல். லூயிஸ் என்ற பெரும் தலைவர் 1946இல் போராடி, வெட்டும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் இவ்வளவு என்று நலநிதிக்கு வாங்கினார். அந்த நிதியால் மலைப் பகுதிகளில் பத்து மருத்துவமனைகள் கட்டப்பட்டன. எண்ணிப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நிதியின் பணத்தில் பெருந்தொகை வாஷிங்டனில் ஒரு வங்கியில் வட்டியே இல்லாத கணக்கில் கிடந்தது. அந்த வங்கியின் பெரும்பான்மைப் பங்குகள் சங்கத்துக்குச் சொந்தம். நிதிக்கு வட்டி இல்லை, வங்கிக்கு இலாபம், இலாபம் சங்கத்துக்கு. ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1971இல் நீதிபதி கெஸல் அது நம்பிக்கைத் துரோகம் என்று தீர்ப்பளித்தார். சங்கத்துக்கு நல்லது எல்லாம் தொழிலாளிக்கு நல்லது என்ற நினைப்பில் தலைவர் இருந்திருக்கலாம். கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை.

மறுபுறம், தொழிலாளர் தரப்பு காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. உத்தரப் பிரதேச மின்துறை ஊழியர்களின் வைப்பு நிதியை நிர்வகித்த அறக்கட்டளை, தனியார் வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எப்.எல்.லில் பணத்தைப் போட்டது. 2019இல் அந்நிறுவனம் நொடித்தபோது 2,200 கோடி ரூபாய்க்கு மேல் அதில் சிக்கிக்கொண்டது. அதிகாரிகள் கைதானார்கள்; ஊழியர் சங்கங்கள் வேலையைப் புறக்கணித்து, மாநில அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டன. போன பிறகு கேட்பதைவிடப் போடும் நாளில் கேட்டிருக்கலாமே என்று சொல்வது எளிது. போடும் நாளில் அந்த மேசையில் இடமும், ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமும் இருந்தால்தான் அது முடியும்.

இவ்வளவையும் பொங்கல் விடுமுறையில் மூன்று தாளில் தமிழில் எழுதிக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனேன். தந்தையாரும் ஷிப்டு முடிந்து கூட வந்தார். செயலாளர் முழுதும் படித்தார். 43இல் 10 என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். தந்தையார், "அந்தப் பத்துப் பேரு கூட்டம் முடிஞ்சு வந்து யாருகிட்டச் சொல்வாங்க?" என்று கேட்டார். "சங்கத்து மேலிடத்துல சொல்வாங்க" என்றார் செயலாளர். "அங்கருந்து?" என்றார் தந்தையார். செயலாளர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த மாநாட்டில் இதை ஒரு தீர்மானமாக வைக்கலாம் என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டத்தில் பேசப்பட்டதைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டு ஆலை வாசலில் ஒட்ட வேண்டும் என்பது தீர்மானம்.

பிறகு என்னை வாசலில் இருந்த கரும்பலகைக்கு அழைத்துப் போய், ஓய்வூதியச் சூத்திரத்தை மட்டும் எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு சம்பளமும் சேர்ந்த ஆண்டும் சொன்னார்கள். சங்கு ஊதுவதற்குள் பதினொரு பேருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.